தீபாவளி முற்பணத்துக்கு நன்றி சொல்லலாமா?

அன்பின் அண்ணாவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்பது பற்றி. ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, தினமும் இரவில் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை எழுதுங்கள், குறை சொல்வதை விடுங்கள், வாழ்க்கையே மாறிவிடும் என்றார் பயிற்றுநர். மற்றவர்கள் எழுதுகிறார்கள். எனக்குக் கொப்பியைத் திறந்தாலே கோபம் வருகிறது.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது ஓய்வு பெற்று லயத்திலேயே, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டிலேயே, இருக்கிறார். தீபாவளி முற்பணம் கைக்கு வந்தபோதெல்லாம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நல்ல மனிதர் என்பார். கூரை ஒழுகினால் இதாவது இருக்கிறதே என்பார். அவர் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார். படித்துச் சம்பாதிக்கிற நான் இல்லை. கடைசியாக வீட்டுக்குப் போயிருந்தபோது, உங்களை இப்படியே பழக்கிவிட்டார்கள் என்று அவரிடம் கத்திவிட்டேன். நான் நன்றி கெட்டவளா, அல்லது அம்மாவின் மகிழ்ச்சி பொய்யா?

பெயர் வேண்டாம், கொழும்பு.

அன்புள்ள தங்கைக்கு,

கொப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பயிற்றுநர் சொன்னதில் பாதி சரி.

முதலில் அந்த முற்பணம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன் கையில் தருகிறார்கள். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம் என்று ஏற்கெனவே நீளமான கழிவுகளோடு அதுவும் ஒரு வரி. உங்கள் அம்மா வேலையில் இருந்தபோது, பின்னால் பறிக்கப்போகும் கொழுந்துக்கான காசையே கொஞ்சம் முன்னதாக வாங்கியிருக்கிறார். தன்னிடமே பட்ட கடன் அது. ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணமும் இப்படித்தான்: ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைக் கொடுப்பவர் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார், அவ்வளவுதான்.

வர வேண்டியது வந்து சேர்ந்தால் கும்பிடும் பழக்கம் நமக்குப் பழையது. 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த குடியுரிமையை, நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் திருப்பிக் கொடுப்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. பறித்ததைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் மாலை போடுகிறவர்கள் நாம். இருநூறு வருடமாக நன்றியோடு இருங்கள் என்று மேலிருந்து சொல்லப்பட்ட ஒரு மக்களிடம் போய் நன்றி சொல்லுங்கள் என்று யாராவது புதிதாகச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அந்தப் பயிற்சி வெறும் பேச்சல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கலோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் தொல்லைகளை எழுதினார்கள். முதலாமவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். பிறகு வந்த தொகுப்பாய்வுகள் பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றன. வாழ்க்கையே மாறிவிடும் என்பது பயிற்றுநர் தன் கையிலிருந்து சேர்த்தது. குறை சொல்வதை நிறுத்தச் சொன்னதும் அப்படியே.

எனக்குப் பிடித்தது உளவியலாளர் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இன்னொரு பயிற்சி. அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை ஒரு வாரம் தினமும் இரவில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். அந்த 'ஏன்' என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. 'எனக்கு நல்ல வேலை இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் அது யாருக்குச் சொன்ன நன்றி என்றே தெரியாது. நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேரும். ஏன் என்று கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை தேறியதால். அது ஏன்? வகுப்புக்குக் காசு கட்டியதால். யார் கட்டினார்கள்? எந்தத் தோடு அடகுக் கடைக்குப் போனது? பிள்ளை மடுவத்தில் உங்களைப் பார்த்துக்கொண்ட ஆயா யார்? இரண்டு மூன்று 'ஏன்' தாண்டினால் கண்டிப்பாக ஒரு ஆளின் பெயர் வந்து நிற்கும். அந்தப் பெயர் பெரும்பாலும் லயத்துக்குள்ளேயே இருக்கும்.

சிறுவயதில் கொழுந்து மடுவத்து வாசலில் நின்று ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலம். நிறுவைக்கு வரிசை நிற்கிறது. இடுப்பில் கட்டிய படங்கெல்லாம் நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒருத்தியின் கூடையில் அன்றைய அளவுக்குக் கொழுந்து இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அன்றைய நாட்கூலியில் பாதிதான். கணக்கப்பிள்ளை தராசுப் பக்கம் குனிந்த நேரம், அவளுக்குப் பின்னால் நின்ற பெண் தன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அவள் கூடையில் போட்டார். இன்னொரு கைப்பிடி. அவருக்கும் பின்னால் நின்றவர் எட்டி நின்று தன் பங்குக்குப் போட்டார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முன்னால் நின்றவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கணக்கப்பிள்ளை கவனித்திருப்பார். முதுகில் கூடை கனத்தது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அள்ளிப் போட்டவர்களுக்கு மேலதிகக் கிலோவுக்கான காசு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல், தன்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுப்பது இது. நன்றி இங்கேதான் போக வேண்டும். மரண வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் கொண்டு வருகிறவர்கள், ஒரு நாள் பேரை இழந்து குழி வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். துரைமாரிலும் சிலர் வருவார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். நடுச்சாமத்தில் நோயாளியைத் தன் ஜீப்பில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த துரையும் இருந்திருக்கிறார். அந்த ஜீப்புக்கு நன்றி சொல்லலாம். முற்பணத்துக்கு வேண்டாம்.

இனி அம்மா. அவருடைய மகிழ்ச்சி பொய் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? துரை நல்லவர் என்பது லயத்தில் பலர் வாய்வழக்காகச் சொல்வது. அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் என்பதற்காகச் சொல்வதும் உண்டு. அவர் உண்மையில் யார் யாரை நினைத்துச் சந்தோஷப்படுகிறார் என்று நீங்கள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது, கத்தியதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், அடுப்படியில் ரொட்டி சுடும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, உங்கள் கூடையில் யார் கொழுந்து போட்டார்கள் என்று கேளுங்கள். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்றும் கேளுங்கள்.

ஆனால் 'இதாவது இருக்கிறதே' என்பதில் நான் உங்கள் பக்கம். நம்மைவிட மோசமான நிலையில் இருப்பவரைக் காட்டி மனதை ஆற்றிக்கொள்வதை நான் நன்றி என்று எடுத்துக்கொள்வதில்லை. நம் மலையில் அது ஆபத்தும்கூட. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மண் சரியலாம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. சுவரில் வெடிப்பு விழுந்தால், பின் மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் புதிதாகக் கசிந்தால், நல்லதே நடக்கும் என்று படுத்துக்கொள்ளக் கூடாது. கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடியும் போக வேண்டும். அம்மாவின் கூரையைப் பற்றி நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். அதற்குள் அவர் மனநிலையைத் திருத்தப் போகாதீர்கள்.

நன்றி சொல்லிவிட்டால் கேட்கும் வாய் அடைத்துப்போகும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள் அல்லவா? நம் முன்னோர் கால்நடையாக வந்த, பலர் வழியிலேயே செத்து விழுந்த பாதை. நடந்தவர்கள் அவர்களை நினைத்தே நடந்தார்கள். அதே நடையில் காணி வேண்டும், நியாயமான கூலி வேண்டும், மற்றவர்களுக்குச் சமமான குடிமக்களாக நடத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். முன்னோருக்குச் சொன்ன நன்றி கேட்பவர்களின் குரலைத் தாழ்த்தவில்லை. யாருக்குப் பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டு கேட்கிறவர்களின் குரல் கொஞ்சம் உரத்துத்தான் வரும்.

கொப்பியில் ஐந்து வேண்டாம், மூன்று எழுதுங்கள், பக்கத்தில் 'ஏன்' எழுதுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு முறை போதும். கோபம் வந்தால் அதற்கும் பின் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள், அங்கேயும் 'ஏன்' எழுதுங்கள். அலுவலகத்தில் யாராவது கேட்டால் முன் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும். அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி முழுவதும் கிடைத்ததா என்று தொழில் திணைக்களத்தில் விசாரித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்