வயலில் கிடைத்த பழைய சாவி: ஒப்படைக்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வசிக்கிறேன். ஒரு விவசாயியின் வயலில், அவர் அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது பச்சை படிந்த சின்னச் சாவித் துண்டு ஒன்று கிடைத்தது. வளையமும் பாதித் தண்டும்தான் இருக்கின்றன. செம்புக் கலவை, இடைக்காலத்தது என்கிறார்கள். அரசிடம் கொடுக்காவிட்டால் வழக்கு வருமா? சுத்தம் செய்து விற்றுத் தருவதாக ஒருவர் கேட்கிறார்.

பதில்: வழக்கு வராது. அங்கே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது தங்கத்தையும் வெள்ளியையும்தான். 300 ஆண்டுக்கு மேல் பழைய பொருளில் அவை பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். தனியாகக் கிடைத்த சாதாரணச் செம்புச் சாவி பொதுவாக அதில் சேராது.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அதே இடத்தில் அந்தக் காலத்து வெள்ளிக்காசு இரண்டு, சாவி கிடைத்தபோதோ அதற்கு முன்போ சேர்ந்து கிடைத்திருந்தால் அவை புதையல். அவற்றோடு ஒன்றாகப் புதைந்திருந்தது என்றால் உங்கள் சாவியும் புதையலாகிவிடும், செம்பாக இருந்தாலும் சரி. காசு போன மாதமே கிடைத்திருந்தாலும், உங்கள் நண்பர் கைக்குக் கிடைத்திருந்தாலும் இதேதான். தெரிந்த 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். சாவிதானே என்று அப்போது ஒதுக்கி வைக்காதீர்கள்.

அந்த 'விற்றுத் தருகிறேன்' ஆசாமியிடம் சாவியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலில், அது உங்களுடையதே அல்ல. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நில உரிமையாளருக்குத்தான் சொந்தம். அப்புறம், அவர் சொல்லும் 'சுத்தம்' இருக்கிறதே, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போன்றது. அந்தப் பச்சைப் படலத்தில்தான் சாவியின் பழைய மேற்பரப்பே இருக்கிறது. செதுக்கிய கோடுகள் அதோடு போய்விடும். வினிகர், எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம். மண்ணோடு, ஈரம் படாமல் வையுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர ஆரம்பித்தால் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

காட்ட வேண்டிய ஆள் உங்கள் பகுதியின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்துக்காக இலவசமாகப் பதிந்து, பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். ஒரே அலுவலர் பெரிய வட்டாரத்தைப் பார்ப்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்: வெள்ளி இருந்தால் சட்டம் ஓடி வருகிறது. யாரோ ஒருவர் தன் பெட்டியைப் பூட்டி வைத்த சாவி என்றால், பதிவதும் பதியாததும் நம் இஷ்டமாம்! பெரிய கதவுகளுக்குப் பொதுவாக இரும்புச் சாவிதான். இப்படிச் சின்னதாகச் செம்பில் வருவது பெரும்பாலும் பெட்டி, பேழைகளுக்கு. அந்த வயலருகே யார், எதைப் பூட்டி வைத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு இது ஒன்றே தடயமாக இருக்கலாம்.

அதனால் கிடைத்த புள்ளியை இன்றே செல்போன் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். வயலின் பெயர் மட்டும் போதாது. உடைந்துபோன பல் பகுதி அதே உழவு மண்ணில் கிடக்கலாம். தேட அந்தப் புள்ளிதான் உதவும்.