ராஜா தெருவிலேயே இருக்கட்டும்

கேள்வி: முப்பது வருஷமாகப் புது வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறோம். மகள் கல்யாணமாகி ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். ஏழு வயசிலும் நாலு வயசிலும் இரண்டு பிள்ளைகள். போன லீவுக்கு வந்தபோது எங்கள் தெரு நாய் ராஜாவோடு பிள்ளைகள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அங்கே ருமேனியா, ஸ்பெயின் என்று வெளிநாட்டுத் தெரு நாய்களை எடுத்து வீட்டில் வளர்ப்பது சகஜமாம். "எந்த ஊர் நாயையோ எடுப்பதற்கு நம்ம ராஜாவையே கூட்டிக்கொண்டு போகிறேன், ஏற்பாடு பண்ணும்மா" என்கிறாள். ராஜாவுக்கு ஆறு வயசு. கார்ப்பரேஷனில் கருத்தடை செய்து காது நுனியை வெட்டியிருக்கிறார்கள். கோர்ட் செய்தியெல்லாம் கேட்டதிலிருந்து நாய் வண்டி வந்தாலே பயமாக இருக்கிறது. "அனுப்பிவிடு, உயிராவது தப்பும்" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது என் சுயநலமோ என்றும் தோன்றுகிறது. இதற்கு நடுவில், லாரியில் அடிபட்டு ஒரு பின்னங்கால் எடுத்த பெட்டைக் குட்டி ஒன்று எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதற்கு மருந்து போடவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது. ராஜாவை அனுப்பலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் ராஜாதான். அந்தக் குட்டியைப் பற்றி இருப்பது மூன்றே வரி. என்னுடைய பதில் அந்த மூன்று வரியைச் சுற்றித்தான் வரப்போகிறது. ஆனாலும் முதலில் ராஜாவின் விஷயத்தை முடித்துவிடலாம்.

அவன் விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போவான், ஆறு மணிக்கு டீக்கடைக்குத் திரும்புவான், பத்து மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டு நிழலில் படுப்பான், ராத்திரி உங்கள் வாசலுக்கு வருவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தால் அநாதை நாயின் வாழ்க்கையாகவா தெரிகிறது? அவனுக்கு மூன்று தெரு அகலத்தில் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குக் கதவு இல்லை, அவ்வளவுதான். யார் வாசனை எது, எந்தச் சந்தில் எந்த நாயின் எல்லை ஆரம்பிக்கிறது, ஐஸ் வண்டி எப்போது வரும், எல்லாம் ஆறு வருஷத்தில் அவன் மூளையில் பதிந்துபோனது. அவனைத் தூக்கி இரண்டாவது மாடி ஃபிளாட்டில் வைத்து, நாளைக்கு மூன்று முறை கயிற்றில் கட்டிக் கீழே கூட்டிப்போனால் அவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் இங்கே வாழ்வதுபோல் வாழ மாட்டான்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் திருவொற்றியூரில் இருந்த ஐந்து வயசு ஆண் நாய் ஒன்றை நெதர்லாந்தில் ஒரு குடும்பத்துக்கு அனுப்ப நானும் முன்னின்று உதவினேன். நல்ல மனிதர்கள், தோட்டத்தோடு வீடு. அங்கே இறங்கியதும், வரவேற்க வந்த குழுவினர், இவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கிறதே பாவம் என்று கார் நிறுத்துமிடத்திலேயே கூண்டைத் திறந்தார்கள். கழுத்தில் ஒரே ஒரு பட்டை, ஒரே ஒரு கயிறு. எங்கேயோ கார் கதவு அடைத்த சத்தம் கேட்டது. நம் நாட்டு நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் ஏறக்குறைய அதே தடிமன்தான். தலையைக் குனிந்து பின்பக்கமாக ஒரே இழுப்பு, பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து ரயில் பாதை ஓரத்தில் பொறி வைத்துப் பிடித்தார்கள். உயிரோடு கிடைத்தது. ஆனால் அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது இப்போதும் லிஃப்டில் ஏற மறுக்கிறது, ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறது என்று அந்த அம்மா எழுதும்போதெல்லாம், தெருவில் ராஜாவாக இருந்ததைப் பிடுங்கி அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்துகிறது.

கோர்ட் பயத்துக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி நாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவைக்கும் மூர்க்கமாகக் கடிப்பவைக்கும் அது பொருந்தாது. நவம்பர் 7-இல் வந்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்குள் இருக்கும் நாய்களைப் பற்றியது. உங்கள் ராஜா படுப்பது டீக்கடை வாசலில். காது வெட்டும் இருக்கிறது. வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். சோறு போடுகிற இடத்தை வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். அவனுக்குப் பாதுகாப்பு அதுதான், விமானம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. ராஜா போய்விட்டால் அவன் எல்லை காலியாகக் கிடக்காது. மீன் வாசனைக்கு இரண்டு வாரத்தில் வேறு நாய்கள் வந்து சேரும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்குமா, கருத்தடை ஆகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டிருந்தால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் தெருவில் அந்த எழுபதில் ஒருவன் ராஜா. அவனை அனுப்ப மனசு வராதது சுயநலம் இல்லை, சகோதரி.

இப்போது படிக்கட்டுக்குக் கீழே வருவோம்.

ஏழெட்டு மாதக் குட்டி, மூன்று கால். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயம் ஆறினாலும் அவளால் லாரிக்கு விலகி ஓட முடியாது, நாலு நாய் சேர்ந்து துரத்தினால் தப்பவும் முடியாது. அவளுக்குத் திரும்பிப் போகத் தெரு கிடையாது. அதே சமயம், தினமும் இரண்டு வேளை உங்கள் கை அவள் மேல் படுகிறது. கட்டு பிரிக்கும்போது உங்கள் மணிக்கட்டைப் பல்லால் கவ்வி, அழுத்தாமல் விடுகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வலியிலும் அழுத்தாத நாய்! குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நாய் தேடுகிறவர்கள் முதலில் கேட்கிற குணம் அதுதான். உங்கள் மகள் நாய் ஒன்றை அழைத்துப்போக வேண்டுமென்றால், போக வேண்டியவள் இவள்.

வழி நீளம். ஆனால் அந்த நீளமே அவளுக்கு நல்லது. வரிசை தவறினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, 15 இலக்க ஐ.எஸ்.ஓ. வகை. அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசியை ஐரோப்பா கணக்கில் எடுக்காது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். இது எதற்கு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஊசிக்கு முன்பே கிருமி உடம்புக்குள் போயிருந்தால் அது வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதற்கான காவல்தான் இந்த மூன்று மாதம். ஊருக்குத் திரும்பிப் போகும் உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த நாயோடுதான் விளையாடப் போகிறார்கள், அதனால் ஒரு நாளைக்கூடக் குறைக்கப் பார்க்காதீர்கள். கடைசியாக, பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தொற்றுத்தடுப்பு அலுவலகத்தில் சுகாதாரச் சான்று வாங்க வேண்டும். அது 10 நாளுக்குத்தான் செல்லும். ஆக, இன்றைக்கு ஆரம்பித்தாலும் ஐந்து மாதம் வையுங்கள். செலவு எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டும், மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காகிதத்தில் ஒரு முக்கியமான கண்ணி உண்டு. சிப் பதிவு, ஊசி அட்டை எல்லாம் முதல் நாளிலிருந்தே மகள் பெயரில் இருக்கட்டும். உங்கள் பெயரில் வளர்த்து அங்கே போய் அவளுக்குக் கைமாற்றினால், அது சொந்த நாயோடு செய்யும் பயணமாகாது. வியாபார இறக்குமதி கணக்கில் போய்விடும், விதிகளே வேறு. நாயோடு மகளோ அவள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரோ போக வேண்டும். வேறொருவர் கூட்டிப்போனால், மகளும் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்பின்னாகவாவது பயணம் செய்ய வேண்டும். அவள் அடுத்த லீவுக்கு வந்து திரும்பும்போது கூட்டிப்போவதுதான் நேர்மையான வழி. (கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்துக் கொடுப்பதற்காக நாய்களைக் கொண்டுவருவதை அந்த நாடு 2022 செப்டம்பர் 28 முதல் தடை செய்திருக்கிறது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு.)

ஐந்து மாதமும் சும்மா இருக்க வேண்டாம். நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் காலம் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரை. அந்தக் காலத்தில் அவள் பார்த்தது தெருவைத்தான், வீட்டை இல்லை. குக்கர் விசில், மிக்ஸி, வாஷிங் மெஷின், கண்ணாடியில் தெரியும் இன்னொரு நாய், இதெல்லாம் அவளுக்குப் பூதம். படிக்கட்டுக்குக் கீழிருந்து வாசல் நடைக்கு, நடையிலிருந்து கூடத்துக்கு என்று வாரத்துக்குக் கொஞ்சமாக உள்ளே கொண்டுவாருங்கள். டைல்ஸ் தரையில் மூன்று கால் வழுக்கும். பழைய ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள். ஸ்டுட்கார்ட்டிலும் மரத்தரைதான் என்றால் மகள் அங்கேயும் விரிப்புப் போட வேண்டும்.

விமானக் கூண்டைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கூடத்தில் வையுங்கள், கதவைக் கழற்றிவிட்டு. அவள் உள்ளே நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். உள்ளே உங்கள் பழைய புடவை, ஓரத்தில் நாலு கருவாட்டு நெத்திலி. தள்ளாதீர்கள், கூப்பிடாதீர்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு மாதத்தில் மத்தியானத் தூக்கமே அங்கேதான் என்றாகிவிடும். கதவை மாட்டுவது அதற்குப் பிறகுதான். தூக்க மருந்து கொடுத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

உண்ணிக் காய்ச்சலையும் பார்த்துவிட வேண்டும். நம் ஊர் நாய்களின் ரத்தத்தில் எர்லிக்கியா, பபீசியா என்ற உண்ணி பரப்பும் கிருமிகள் அமைதியாக ஒளிந்திருக்கலாம். பயண அலைச்சலுக்குப் பிறகு தலைதூக்கலாம். ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுப்பாள். அங்கே டாக்டருக்கு முதலில் வேறு நோய்கள்தான் ஞாபகத்துக்கு வரும். போவதற்கு முன்பே பரிசோதித்து, ரிப்போர்ட்டை மகள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

மகளிடம் நேராகக் கேளுங்கள்: வாடகை வீடு என்றால், வீட்டுச் சொந்தக்காரர் நாய்க்கு எழுத்தில் சம்மதம் தந்தாரா? ஜனவரி மாதம் காலை ஏழு மணி இருட்டில், பனியில், யார் கீழே கூட்டிப்போவது? இருவரும் வேலைக்குப் போனால் எத்தனை மணி நேரம் தனியே இருப்பாள்? இதற்குப் பதில் தயங்கி வந்தால் இந்த வருஷம் வேண்டாம். குட்டி உங்களோடு இருக்கட்டும், அவர்கள் அங்கேயே உள்ளூர்க் காப்பகத்தில் ஒரு நாய் எடுத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கும் குறையில்லை.

பதில் திடமாக வந்தால், இறங்கிய நாளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை கூண்டு திறக்கக் கூடாது. மார்பிலும் வயிற்றிலுமாக மூன்று வார் உள்ள ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, ஒன்று இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். முதல் வாரம் விருந்தாளிகள் வேண்டாம். பிள்ளைகள் அவளைத் தேடிப் போகக் கூடாது, அவளாக வரட்டும். தூங்கும்போது தொடுவதும், சாப்பிடும்போது கிட்டே போவதும், கட்டிப்பிடிப்பதும் கூடாது. நாலு வயசுக்கு இதெல்லாம் மறந்துபோகும், அதனால் பெரியவர் ஒருவர் இல்லாமல் பிள்ளைகளையும் அவளையும் ஒரே அறையில் விடவே கூடாது.

இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவளைத் தூக்கிப்போய்க் காயத்தைக் காட்டுங்கள். ஊசி போடலாம் என்று அவர்கள் சொன்னதும் சிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் வரும்போது, போனைக் கொஞ்சம் படிக்கட்டுக்குக் கீழே திருப்பிக் காட்டுங்கள். இவளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை நீங்கள். சிப் பதிவில் எழுத ஒரு பெயர் வேண்டும், அதைப் பிள்ளைகளையே கேளுங்கள்.