பதினைந்தா, ஐம்பதா? அதற்கு 28,000 ரூபாயா?

கேள்வி: தாராபுரம் அருகே கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவள் நான். இப்போது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இமெயில் எழுதுவதில் சிக்கல் இல்லை. வீடியோ அழைப்பில்தான் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அடிக்கடி "மறுபடி சொல்லுங்கள்" என்கிறார். போன மாதம் பதினைந்து அட்டைப்பெட்டி என்று நான் சொன்னதை ஐம்பது என்று குறித்துக்கொண்டார். கொங்கு வாடையை நீக்கி 45 நாளில் அமெரிக்க உச்சரிப்பு வரவழைப்பதாக ஒரு பயிற்சி மையம் 28,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம், அம்மணி.

உங்கள் பையர் எந்த நாட்டுக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருப்பவர் என்றால் ஆங்கிலம் அவருக்கும் இரவல் மொழிதான். அவரிடம் அமெரிக்கரைப் போல நாக்கைச் சுழற்றி என்ன பயன்? அமெரிக்கராகவே இருந்தாலும் அவருக்கு வேண்டியது புரிகிற பேச்சு. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1995இல் எழுதினார்கள்: அந்நிய வாடை பலமாக அடிக்கும் பேச்சும் கேட்பவருக்கு முழுமையாகப் புரியலாம். வாடை வேறு, புரியாமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காசு பார்ப்பதுதான் இந்த மையங்களின் தொழில்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் கோளாறு இரண்டு மூன்று இடங்களில்தான் இருக்க வேண்டும்.

முதலாவது காற்று. 'பல்', 'கல்' என்று சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே வையுங்கள். காற்று அடிக்காது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க (p, t, k) ஒலிகளோடு சின்னதாக ஒரு மூச்சு வெடித்து வெளியே வரும். அந்த மூச்சு இல்லாவிட்டால் அவர்கள் காது அதை வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் குளிருக்குப் போடும் 'கோட்' என்பீர்கள். அவர் காதில் வெள்ளாடு விழும். 'பேக்கிங்' முடிந்தது என்பீர்கள். துணிக்குப் பின்னால் ஒட்டும் 'பேக்கிங்' பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று விழிப்பார். சட்டை மடிக்க வைக்கும் டிஷ்யூ காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்து உதட்டின் முன் பிடித்துக்கொண்டு 'பாக்கெட்', 'காலர்', 'கார்ட்டன்' என்று சொல்லிப் பழகுங்கள். முதல் எழுத்தில் காகிதம் ஆட வேண்டும். முன்னால் 'ஸ்' வந்தால் ஆடாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எழுதிய இரண்டு 'பேக்கிங்'கும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? பை, முதுகு, மூட்டை கட்டுதல், அடுப்பில் சுடுதல், பிச்சை கேட்டல் என்று ஐந்து ஆங்கிலச் சொற்களையும் நாம் 'பேக்' என்றோ 'பெக்' என்றோ எழுதி முடித்துவிடுகிறோம். தமிழ் எழுத்தின் குறை அல்ல இது. தமிழுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. ஆனால் பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகையறாவையும், அதே புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து 'ஸ்டடி மெட்டீரியல்' என்று தரும் மையங்களையும் நம்பினால் இந்தக் குழப்பத்தைக் காசு கொடுத்து மனப்பாடம் செய்வீர்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே சொல்லை ஒலித்துக் காட்டுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அடுத்தது உங்களைக் கடிதம் எழுத வைத்த பதினைந்து. பாடப்புத்தக விதி எளிது: 'ஃபிஃப்டீன்' என்பதில் கனம், அதாவது அழுத்திச் சொல்லும் இடம், கடைசியில், 'ஃபிஃப்டி' என்பதில் கனம் முதலில். தமிழில் கனத்தை இடம் மாற்றினால் பொருள் மாறாது என்பதால் நாம் இரண்டையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம். போதாக்குறைக்கு, பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்' மூக்கிலேயே கரைந்துவிடுவதைப் போல 'டீன்' என்பதன் வாலையும் கரைத்துவிடுகிறோம். கேட்பவருக்கு மிஞ்சுவது 'ஃபிஃப்டீ'.

அந்த விதியோடு நிறுத்திக்கொண்டால் மறுபடி மாட்டுவீர்கள். தனியாகப் 'பதினைந்து' என்றால்தான் கனம் கடைசியில் இருக்கும். பின்னாலேயே 'கார்ட்டன்' வந்தால் கனம் முன்னுக்குத் தாவிவிடும். அதாவது ஐம்பதின் இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்று வரிசையாக எண்ணும்போதும் அப்படித்தான். ஆங்கிலேயர்களே இப்படித்தான் பேசுகிறார்கள், அவர்களுக்குள்ளேயே குழம்பவும் செய்கிறார்கள். ஆகவே பெட்டிக் கணக்கில் உங்களைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது 'டீ' என்பதன் நீளமும் கடைசி 'ன்'னும் மட்டுமே. நாக்கு நுனியை மேல் ஈறில் ஒட்டி, 'ன்' முழுதாக ஒலித்த பிறகு எடுங்கள். அதோடு, எண்ணைச் சொன்ன கையோடு 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள். விமானிகள் கட்டுப்பாட்டு அறையோடு எண்களை இப்படித்தான் பேசுகிறார்கள். ஒன்பதை 'நைனர்' என்று நீட்டும் அளவுக்கு எச்சரிக்கை. உங்களுக்கும் அதில் வெட்கம் வேண்டாம்.

இந்தியர் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போக, சொல்லில் கனம் தவறுவது ஒரு முக்கியக் காரணம் என்று ஆர். கே. பன்சாலின் ஆய்வு சொன்னது. அது ஹைதராபாத்திலிருந்து 1969இல் வெளிவந்தது. இத்தனை காலம் கழித்தும் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்து வரும் பிள்ளையிடம் கேட்டால், இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை என்கிறது. கல்லூரியில் ஒலியியல் என்று ஒரு தாள் இருந்தாலும் குறியீடுகளை வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு சரி. அந்த ஒலியை ஒரு தடவையாவது வாயால் எழுப்பச் சொல்லுவார் இல்லை. பள்ளியும் கல்லூரியும் விட்ட ஓட்டையில்தான் இந்த மையங்கள் கடை விரிக்கின்றன.

அந்தக் கடைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாதிரி வகுப்பில் வெள்ளைக்காரர் வீடியோ ஓடும். பணம் கட்டிய பிறகு, போன வருடம் அங்கேயே படித்த பையன் பாடம் நடத்துவான். சுவரில் லண்டன் பெயரோடு ஒரு சான்றிதழ் தொங்கும். 'இன்றே கட்டினால் பாதி' என்பார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்குக் கமிஷன் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது. பிறகு 'கொங்கு வாடை'! நமது 'ங்க' அவர்களை என்ன செய்தது? ஆங்கில வாக்கியத்தின் வாலில் 'ஓகேங்க' என்று ஒட்டாமல் இருந்தால் போதும்.

நீங்கள் தினம் பேசும் வார்த்தைகள் முப்பது நாற்பதுதான் இருக்கும்: ஸ்லீவ், பட்டன், அப்ரூவல், டிலே. அவற்றை ஒரு தாளில் எழுதி, அகராதியில் கேட்டு, உங்கள் குரலைப் போனில் பதிந்து ஒப்பிடுங்கள். தினம் கால் மணி நேரம் போதும். அழைப்பு முடிந்ததும் எண்ணிக்கைகளை மட்டும் இரண்டு வரி இமெயிலாக அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதோடு போய் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'நாளைக்கு வாருங்கள்' என்று வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள்.