பெங்களூரில் சிறு தச்சுப் பட்டறை நடத்துபவர்கள் விலை கூடிய பவர் டூல்களை வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்களும் உங்கள் தம்பியும் பெங்களூரில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறீர்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரியும் சமையலறையும் செய்வது பெரும்பகுதி வேலை. தேக்கில் கதவு, மேசை செய்வது அவ்வப்போது வருகிறது. ஜெர்மன் நிறுவனமான ஃபெஸ்டூலின் ட்ராக் சா (ரெயிலின் மேல் ஓடும் ரம்பம்), தூசி உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர், டொமினோ (மரத்துண்டுகளை இணைக்கத் துளை போடும் மெஷின்) ஆகிய மூன்றையும் சேர்த்து வாங்கினால் லட்சங்களில் போகிறது என்பதால் தயங்குகிறீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உங்கள் மைத்துனரிடம் சொல்லி வாங்கினால் மலிவாக வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாகடி சாலைப் பக்கம் இதே வகை வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். முதலில் எக்ஸ்ட்ராக்டரையும் அதோடு பொருந்தும் நல்ல சாண்டரையும் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) வாங்குங்கள். ட்ராக் சா, வேலைத்தளத்திலேயே பலகை அறுப்பவர்களுக்கு மட்டுமே காசை மீட்டுத் தரும். அதிலும் மிக உயர்ந்த விலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. டொமினோ, முழு மரத்தில் செய்யும் வேலை நிலையாக வரும் பட்டறைக்கு உரியது. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எக்ஸ்ட்ராக்டரை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் 1995-இலேயே சேர்த்துவிட்டது. எம்டிஎஃப், எச்டிஎச்எம்ஆர் போன்ற, மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகைகளை அறுக்கும்போது எழும் தூள் மிக நுண்ணியது. அதில் பிசினும் கலந்திருக்கிறது. நம் ஆட்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் மூடிய அறைக்குள் உப்புத்தாள் தேய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்துப்போகிறது. துண்டு பெரிய தூளைத் தடுக்கும், நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூளைத் தடுக்காது. எக்ஸ்ட்ராக்டர்களில் எல் வகுப்பு, எம் வகுப்பு என்று பிரிவுகள் உண்டு: எல் வகுப்பு வடிகட்டி நூற்றுக்கு ஒரு பங்கு தூசியைக் கசிய விடலாம், எம் வகுப்பு ஆயிரத்துக்கு ஒரு பங்குக்கு மேல் விடக்கூடாது. மர வேலைக்கு எம் வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டு வேக்குவம் கிளீனரை மாட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் வடிகட்டி நுண்தூளில் சீக்கிரம் அடைத்துக்கொண்டு உறிஞ்சும் வேகம் விழுந்துவிடும்.

தொழில் கணக்கிலும் இது முதலில் வருகிறது. மக்கள் குடியேறிவிட்ட அடுக்குமாடிகளில் சங்கங்கள் வேலை நேரத்தையும் சத்தத்தையும் தூசியையும் பற்றிக் கடுமையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வேலையே கிடையாது என்று சொல்லும் வளாகங்கள் பல. பக்கத்து வீட்டுப் புகாரால் அரைநாள் வேலை நின்றால் ஆட்களின் அரைநாள் கூலி நம் தலையில்தான் விழும். தூசியில்லாமல் வேலை செய்து கொடுக்கும் பட்டறையை வீட்டுக்காரர் தன் சொந்தக்காரருக்கும் சொல்லி அனுப்புவார். எங்களுக்கு வந்த வேலைகளில் கணிசமானவை அப்படி வந்தவைதான்.

இதோடு சேரும் துணைப்பொருள்களின் செலவை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தூசி சேரும் பைகள் தொடர்ந்து வாங்க வேண்டியவை. எக்ஸ்ட்ராக்டருக்கு முன்னால் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் ஒரு சிறு சைக்ளோன் வாளியை வைத்தால் பெரும்பகுதித் தூள் அதிலேயே விழுந்துவிடும், பை நீண்ட நாள் வரும். குழாய் விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, 27 மி.மீ., 36 மி.மீ. என்று இருப்பதை உங்களிடம் ஏற்கெனவே உள்ள மெஷின்களின் வாயில் பொருத்திப் பார்த்து, அடாப்டரோடு சேர்த்தே விலை கேளுங்கள். சாண்டருக்கு வலைபோல் நெய்த உப்புத்தாள் கிடைக்கிறது. அதன் பரப்பு முழுவதும் தூள் உள்ளே இழுக்கப்படுவதால் தாள் அடைபடுவது குறைகிறது, நீடித்தும் உழைக்கிறது. சாண்டரின் சுழற்சி வீச்சு 5 மி.மீ. என்றால் வேகமாக இழைக்கும், 2.5 மி.மீ. என்றால் பாலிஷுக்கு முந்தைய கடைசித் தேய்ப்புக்கு ஏற்றது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் வேலை அதிகம் செய்பவர் 2.5-ஐயும் மற்றவர்கள் 5-ஐயும் எடுக்கலாம்.

ட்ராக் சாவுக்கு வருவோம். நம் வேலைத்தளங்களில் பிளைவுட்டை அறுப்பது பெரும்பாலும் 4 அங்குல மார்பிள் கட்டர்தான். அது கல்லும் டைலும் வெட்டுவதற்காக வடிவமைக்கப்பட்ட மெஷின். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் அதில் மர பிளேடை மாட்டும்போது, அறுத்த பிளவு மீண்டும் மூடி பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் தகடும் இல்லை, பிளேடு முழுவதையும் தானாக மூடும் காப்பும் இல்லை. அதை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டி ஓட்டுவதை நான் எந்தப் பட்டறைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ட்ராக் சாவில் பிளேடு மேலே எழும்போது கூட்டுக்குள் மறைந்துவிடுகிறது. அலுமினிய ரெயிலின் ரப்பர் விளிம்பு, பலகைமேல் ஒட்டிய மைக்காத் தகடு பெயர்ந்துவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. கூட்டிலிருந்து தூள் நேராகக் குழாய்க்குள் போகிறது. கட்டரில் 3 மி.மீ. கூட விட்டு அறுத்து, பிறகு டிரிம்மரால் (கையடக்க ரூட்டர்) விளிம்பைச் சீராக்கும் இரண்டாவது வேலை இங்கே இல்லாமல் போகிறது. பணம் திரும்பி வருவது அந்த இடத்தில்தான்.

எவ்வளவு திரும்பி வரும் என்பதை உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு 8×4 அடிப் பலகைக்கு அரைமணி நேரம் மிச்சம் என்றும், மாதத்துக்கு 40 பலகை வேலைத்தளத்தில் அறுக்கிறீர்கள் என்றும், ஆசாரியின் கூலி மணிக்கு 150 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 20 மணி நேரம், அதாவது 3,000 ரூபாய். மெஷினும் ரெயிலும் பிளேடும் சேர்ந்து 60,000 ரூபாய் ஆனால் 20 மாதத்தில் முதல் திரும்பும். 1,20,000 ஆனால் 40 மாதம். அந்தக் கூடுதல் 20 மாதத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதே விலை கூடிய மெஷினைப் பற்றிய சரியான கேள்வி. பலகைகளைப் பிளைவுட் கடையிலோ பேனல் சா என்ற பெரிய பலகை அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் இடத்திலோ அறுத்து, விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையை ஒட்டி எடுத்துவருபவராக இருந்தால், உங்களுக்கு அந்த 40 பலகை 5 பலகையாகச் சுருங்கிவிடும். அப்போது ட்ராக் சாவின் கணக்கே மாறிவிடுகிறது. இடைவெளியை அடைக்கும் ஃபில்லர் பட்டையை அறுக்கவும் கதவின் அடியைச் சீவவும் மட்டும் அவ்வளவு முதலீடு போட வேண்டியதில்லை.

அறுக்கும் திறனில் இந்த மெஷின்களுக்கு இடையே பெரிய இடைவெளி இல்லை. ஃபெஸ்டூலின் டிஎஸ் 55-இல் 160 மி.மீ. பிளேடு, மகிட்டாவின் எஸ்பி6000-இலும் பாஷின் ஜிகேடி 55-இலும் 165 மி.மீ. பிளேடு; மூன்றுமே ஏறத்தாழ 55 மி.மீ. ஆழம் அறுக்கும், மூன்றிலும் பிளேடின் நடுத்துளை 20 மி.மீ. தான். மகிட்டா ரம்பம் ஃபெஸ்டூல் ரெயிலிலும், ஃபெஸ்டூல் ரம்பம் மகிட்டா ரெயிலிலும் ஓடும். பாஷின் ரெயில் மாஃபெல் என்ற இன்னொரு கம்பெனியின் வகையைச் சேர்ந்தது. மற்ற இரண்டோடும் சேராது. பிற்காலத்தில் எந்தக் குடும்பத்துக்குள் இருக்கப்போகிறீர்கள் என்பதை இந்த ரெயில்தான் தீர்மானிக்கிறது, ஆகவே மெஷினைவிட ரெயிலைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். மெஷினோடு வழக்கமாக வருவது 1,400 மி.மீ. ரெயில். நம் பலகையின் நீளமோ 2,440 மி.மீ. நீளவாக்கில் அறுக்க இன்னொரு ரெயிலும் இணைப்புப் பட்டைகளும் வேண்டும், இரண்டு கிளாம்பும் வேண்டும். விலைப் பட்டியலில் இவை தனித்தனியாக இருப்பதால், கடையில் சொல்லும் முதல் விலையை நம்பிப் போனவர் கடைசியில் அதற்கு மேல் ஒரு நல்ல தொகையைக் கட்டிவிட்டு வருவார்.

பிளேடில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மைக்கா ஒட்டிய பலகைக்குச் சரிவகமும் தட்டையுமாக மாறி மாறி வரும் பல் அமைப்பும், பிளைவுட்டுக்கு 48 பல்லும், தேக்கை நீளவாக்கில் கிழிக்கக் குறைந்த பல்லும் தேவை. ஒரே பிளேடில் எல்லாவற்றையும் அறுத்தால் லட்ச ரூபாய் மெஷினும் விளிம்பைக் கருக்கும். எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம், தென்காசிக்காரர். புது மெஷின் வாங்கலாமா என்று அவரிடம் கேட்டபோது, "பழைய மெஷின்ல நல்ல பிளேடு மாட்டிக் கொடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். அது முற்றிலும் சரியான யோசனை. கார்பைடு பல் வைத்த பிளேடைப் பலமுறை சாணை பிடிக்கலாம். அதற்கான மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், கையால் தீட்டினால் பல்லின் கோணம் கெட்டுவிடும். சாணைக்குக் கொடுப்பதற்கு முன் பல்லில் ஒட்டிய பிசினைக் கழுவிப் பாருங்கள். மழுங்கியதாகத் தோன்றும் பிளேடு பலநேரம் அழுக்கான பிளேடாகவே இருக்கும்.

டொமினோ அருமையான கருவி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதன் கட்டர் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் ஆடுவதால், நொடிகளில் நீள்வட்டத் துளை விழுகிறது; இரு பக்கமும் துளைத்துத் தனிக் கழுந்தை, அதாவது இரண்டையும் இணைக்கும் மரத்துண்டை, பசையோடு செருகினால் சட்டம் உறுதியாக நிற்கிறது. டிஎஃப் 500 மாடல் 4 முதல் 10 மி.மீ. வரையிலான கழுந்துகளுக்கானது. வாசல் கதவு, கனத்த மேசைக்கால் போன்றவற்றுக்கு 14 மி.மீ. வரை போகும் டிஎஃப் 700 என்ற பெரிய மெஷின் வேண்டும், அதன் விலையும் அதற்கேற்ப மேலே. பீச் மரக் கழுந்துகளை நிறுவனத்திடமே வாங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தொகை சேரும். தேக்குத் துண்டுகளைச் சரியான கனத்துக்கு இழைத்து, விளிம்பை ரூட்டரால் உருட்டி நாமே செய்துகொள்ளலாம். மாதந்தோறும் நாற்காலியும் கதவும் செய்பவருக்கு இது வாங்கத் தக்கது. அவ்வப்போது ஒரு மேசை என்றால் தட்டை மரவில்லையால் இணைக்கக் காடி வெட்டும் பிஸ்கட் ஜாயினரோ, உருளை மரக்குச்சிக்கு நேராகத் துளையிட உதவும் டவல் ஜிக்கோ போதும். சுவிட்சர்லாந்தின் லாமெல்லோ கொண்டுவந்த பிஸ்கட்டின் 0, 10, 20 என்ற அளவுகளும் 4 மி.மீ. காடியும் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகிவிட்டதால், அதன் துணைப்பொருள் மலிவு. பிளைவுட் பெட்டிகளுக்கு மினிஃபிக்ஸ் என்ற உலோக இணைப்பானும் ஸ்குரூவுமே வேலையை முடித்துவிடும்.

சர்வீஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு வெளிநாட்டு மெஷினின் எலக்ட்ரானிக் பலகை பழுதாகி, உதிரிபாகம் வரும்வரை மாதக்கணக்கில் அது அலமாரியிலேயே கிடந்தது. அதனால் இப்போது எதை வாங்குவதற்கு முன்பும் ஆர்மேச்சர், சுவிட்ச், பேரிங், கண்ட்ரோல் பலகை ஆகிய நான்கும் பெங்களூரிலேயே இருப்பில் உண்டா, விலை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். தும்கூர் சாலைக் கண்காட்சி மையத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும், மரவேலை மெஷின்களுக்கான இந்தியாவுட் கண்காட்சிக்கு உங்கள் ஆசாரிகளையும் அழைத்துப் போங்கள். மெஷினைக் கையில் பிடித்து ஓட்டிப் பார்க்கவும், சர்வீஸ் பொறுப்பாளரை நேரில் விசாரிக்கவும் அதைவிட நல்ல இடம் இங்கே இல்லை. எஸ்.பி. சாலைக் கடைகளில் வாங்கினாலும் வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், போலிகள் உலவுகின்றன. விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. முறையான பதிவு வைத்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. கடன் தேவையென்றால், 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களும் வருகிறார்கள். கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவியும், முதலில் 1 லட்சம், அதை அடைத்தபின் 2 லட்சம் என 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்ற விதி இருப்பதால் அண்ணன் தம்பி இருவரும் ஒரே குடும்பமாகக் கொள்ளப்படுவீர்களா என்பதைப் பதிவு மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலைத்தளத்து மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 1,400 வாட் ரம்பமும் 1,200 வாட் எக்ஸ்ட்ராக்டரும் சேர்ந்து ஓடினால் 11 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகக்கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் வேண்டும்.

கடைசியாக மைத்துனர் விஷயம். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே விற்கும் ஒயர் மெஷினை இங்கே 230 வோல்ட்டில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வேலைத்தளங்களுக்கு அலைய முடியாது, உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரி, சார்ஜர் இல்லாத மெஷினை மட்டும் அங்கே வாங்கி, சார்ஜரை இங்கே வாங்கலாம். அங்கே 20 வோல்ட் என்று எழுதியிருப்பது நம் 18 வோல்ட் வகைதான் என்றாலும், அதே கம்பெனியின் இந்திய பேட்டரி பொருந்துமா என்று உறுதிசெய்த பின்பே அவரிடம் வாங்கச் சொல்லுங்கள். உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 18 வோல்ட் 5 ஆம்பியர் மணி என்பது 90 வாட் மணி, அது 100 வாட் மணி வரம்புக்குள் அடங்கும், 6 ஆம்பியர் மணி என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மைத்துனரிடம் கேட்கத் தக்கவை நல்ல மூலைமட்டம், கிளாம்பு, பிளேடு, ரூட்டர் பிட் போன்றவைதான். பிட் வாங்கச் சொல்லும்போது மட்டும் உங்கள் டிரிம்மரில் பிட்டைப் பிடிக்கும் காலெட் 6 மி.மீ. வகையா, கால் அங்குல வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள். கால் அங்குலம் 6.35 மி.மீ. என்பதால் அமெரிக்க பிட் 6 மி.மீ. காலெட்டில் நுழையாது, 6 மி.மீ. பிட்டைக் கால் அங்குலக் காலெட்டில் இறுக்கினால் ஓடும்போதே கழன்று பறக்கும்.