டீச்சர் பதில்கள்: அங்கிகளை எடுத்துக் காட்டிய பெண்கள்

(சபையில் நம்மோடு வாழ்ந்து மறைந்தவர்களை நினைவுகூர்வது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன்.)

என் மாமியார் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வருகிற மாதம் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கும் பொறுப்பு எனக்கு. பிறப்பு, திருமணம், பிள்ளைகள் எழுதிவிட்டேன். 'ஜெபவீராங்கனை', 'விசுவாசத்தில் உறுதியானவர்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன செய்யட்டும் டீச்சர்?
வாசகி, சாயர்புரம்

பேனா நின்றது நல்லது அம்மா. அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு உட்காருங்கள்.

எங்கள் சேகரத்தின் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) மாத இதழில் மறைந்தவர்களைப் பற்றி நான் 22 ஆண்டுகள் எழுதினேன். முதன்முதலில் எழுதியது எங்கள் கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பற்றி. பக்தியுள்ளவர், தாழ்மையுள்ளவர், ஓய்வுநாளைத் தவறாமல் ஆசரித்தவர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பாட்டியின் தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், இதுல எங்கக்கா எங்க இருக்கா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடியிருக்கிறார்.

அப்புறம் அவரே சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் கோவிலைப் பெருக்கும்போது, பாயைத் தூக்கி உதறினால் பிள்ளைகள் விட்டுப்போன பென்சில், ரிப்பன், ஐந்து பைசா எல்லாம் விழுமாம். பாட்டி அவற்றை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். மறுநாள் ஞாயிறு பள்ளிக்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து, "இது யாருக்குள்ளது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருப்பிக் கொடுப்பார். அந்த டப்பாவிலிருந்து என் ரிப்பனை நானே இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை! 'தாழ்மையுள்ளவர்' என்ற சொல் அதை மறைத்துவிட்டது.

வேதத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் மரித்துப்போகிறாள். பேதுரு வந்து மேல்வீட்டுக்கு ஏறுகிறார். அங்கே நின்ற விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசினார்கள் என்று எழுதியிருக்கவில்லை. அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்த காலத்தில் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள் என்று இருக்கிறது. அவள் தைத்துக் கொடுத்த துணிகள் அவர்கள் கையில் இருந்தன. நீங்களும் உங்கள் மாமியாரின் அங்கியைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது? முதலில் அவருடைய வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். கடைசி வெற்றுத்தாளில் பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதி இருக்கும். நடுவில் காய்ந்துபோன குருத்தோலை, மருந்துச் சீட்டு, யாருடைய கடிதமாவது இருக்கும். எந்தச் சங்கீதம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, குடும்ப ஜெபத்தில் அவர் யார் யார் பெயரைச் சொல்வார், எந்த வரிசையில் சொல்வார் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். எங்கள் அம்மா வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக, எங்களுக்குக் கடன் தர மறுத்த ஒருவரின் பெயரைச் சொல்வார். தாம் சாகும்வரை சொன்னார். காரணம் கேட்டால் பதில் வராது.

இன்னொன்று. அடக்கத்துக்கு வந்தவர்களில் உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவர் வந்து மூலையில் நின்று அழுதாரா? பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் எழுத வேண்டிய குறிப்பில் பாதி அவரிடம் இருக்கிறது.

கைப்பிடி அரிசியையும் மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்து அம்மாமார் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் எடுத்து வைத்தார்களே, அந்தப் பானை உங்கள் வீட்டில் எங்கே இருந்தது, அரிசி தட்டுப்பாடான நாளில் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். வாசிக்க ஐந்து நிமிடம் ஆகும். பிறப்பு, திருமணத் தேதிகள் நாலு வரியில் முடியட்டும்.

என் அப்பா 30 வருடம் சபைக் கமிட்டியில் இருந்தார். உண்மையுள்ளவர், ஆனால் முன்கோபி. பலரோடு பேச்சுவார்த்தை இல்லாமலே போய்விட்டார். நினைவு மலர் வெளியிடப் போகிறோம். இதையெல்லாம் எழுதலாமா? தம்பி கூடாது என்கிறான்.
வாசகர், பெங்களூரு

எங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது தம்பி. என் அப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரு வேலித் தகராறில் எட்டு வருடம் பேசவில்லை. இருவரும் ஒரே கோவில். காணிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அந்த எட்டு வருடமும் அப்பா திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று கர்த்தர் சொன்னாரே, அதை அப்பா தட்டிக்கழிக்கவில்லை. போய்ச் சமாதானமாகவும் மனம் வரவில்லை, சமாதானமாகாமல் பந்திக்குப் போகவும் துணிவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் எழுந்து முன்னே போக, அப்பா மட்டும் கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். சிறுபிள்ளையாக இருந்த எனக்கு அவமானமாக இருக்கும். ஒன்பதாவது வருடம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கருப்பட்டியும் சுக்கும் எடுத்துக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை.

அப்பாவின் குறிப்பில் நான் இதை எழுதினேன். என் தம்பியும் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் அந்தக் கடைசிப் பெஞ்சை எடுத்துவிட்டால், என் அப்பா தேவனுக்கு எவ்வளவு பயந்தவர் என்பதைச் சொல்ல என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

நீங்களும் எழுதுங்கள். ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரோடு சண்டை போட்டாரோ அவர்கள் பெயர் வேண்டாம். சபைத் தேர்தல் வழக்கு, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் வேண்டாம். பதில் சொல்ல அவர் இப்போது இல்லை. தம்பிக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர் இரண்டு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், நான் எடுத்தேன்.

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்கும் பெண் என்று யாரைச் சொல்லலாம்?
வாசகி, மெஞ்ஞானபுரம்

குளோரிந்தா அம்மாளைச் சொல்லலாம். தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். கிறிஸ்துவைப் பற்றி அவருக்குச் சொன்னவர் அந்த அதிகாரிதான். திருமணமில்லாத வாழ்க்கை என்பதால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையில் இருந்தவர்கள் 40 பேர். அவர்களுடைய பெயர்ப் பட்டியலைப் பற்றிப் பேராயர் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் காணலாம். 1785இல் குளோரிந்தா முன்னின்று கட்டிய கோவில் இன்றும் இருக்கிறது. ஊர் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில்.

மறுக்கப்பட்ட ஞானஸ்நானத்தையும் யாரும் மறைத்து எழுதவில்லை என்பதைப் பெங்களூர்த் தம்பி கவனிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இடையன்குடிக்குப் போனால் கால்டுவெல் அடக்கம் பண்ணப்பட்ட இடத்தைக் கோவிலுக்குள்ளேயே பார்க்கலாம். கொடைக்கானலில் 1891இல் இறந்தவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்து, 1880இல் பிரதிஷ்டையான அவருடைய கோவிலிலேயே வைத்தார்கள். அவருடைய மனைவி எலிசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் ரேந்தை (லேஸ்) பின்னலும் கற்றுக்கொடுத்தார். சரி, உட்கார்ந்து பின்னிய பிள்ளைகள் யார் யார்? அவர்களில் ஒருத்தியின் கொள்ளுப்பேத்தி இந்த இதழை இப்போது வாசித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ரேந்தைத் துண்டு ஏதாவது இருந்தால், அதைப் பின்னியவர் பெயரை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பழைய கல்லறைகளில் எழுத்து மங்கிவிட்டது. நவம்பருக்குள் சுத்தம் செய்து வெள்ளையடிக்க வாலிபர் சங்கம் முடிவு செய்திருக்கிறது. ஆலோசனை உண்டா?
வாசகர், நாசரேத்

உண்டு. வெள்ளையடிப்பதை நிறுத்துங்கள். எங்கள் ஊரில் பண்டிகைக்கென்று ஆசையாகத்தான் அடித்தோம். குழிந்த எழுத்துக்குள் சுண்ணாம்பு போய் அடைத்துக்கொண்டது. அடுத்த வருடம் அதைச் சுரண்டப் போய் எழுத்தும் சேர்ந்து உதிர்ந்தது. என் பூட்டியின் கல்லில் இப்போது 'மரணம்' என்ற சொல் மட்டும்தான் மிச்சம்.

முதலில் படியெடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்து மணிக்கோ வெயில் சாய்வாக விழும்போது நிழல் எழுத்துக்குள் இறங்கும். அப்போது போட்டோ எடுங்கள். மரநிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்பினால் போதும். மண்ணைத் துடைக்கத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும். கம்பி பிரஷ், ஆசிட் கூடவே கூடாது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். சந்தேகமான எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளி வையுங்கள்.

அதன் பிறகு குருவானவரிடம் கேட்டு அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர், வயது, அடக்கம் பண்ணிய தேதி, நடத்தியவர் பெயர் இருக்கும். கல் வைக்க வசதியில்லாமல் மண்மேடாகவே கரைந்துபோனவர்கள் நம் ஊர்களில்தான் எத்தனை பேர்! பனையேறியவர்கள், பெட்டி முடைந்தவர்கள், கைக்குழந்தைகள். அவர்கள் பெயர் அந்த நோட்டில் மட்டுமே இருக்கிறது. பழைய பக்கங்கள் தொட்டால் ஒடியும், அதனால் புரட்டுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும். நவம்பரில் வெள்ளைச் சுவருக்குப் பதிலாக அந்தப் பெயர்களை ஆராதனையில் வாசிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு கிரானைட் கல்லறை கட்ட வசதி இல்லை. உறவினர்கள் குறை சொல்கிறார்கள்.
வாசகி, திசையன்விளை

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு முறை போய் வாருங்கள். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951 ஜனவரியில் இறந்தபோது, தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மண்ணில் இருந்தவருக்கு அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு பூவரசங்கன்று நடுங்கள். உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஆச்சிக்கு 84 வயது. உபதேசியாராக (ஊர்ச் சபை ஊழியர்) இருந்த தாத்தாவை நான் பார்த்ததில்லை. கேட்டால் ஆச்சி "நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது டீச்சர்?
வாசகன், ஆறுமுகநேரி

தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும் கண்ணு. இன்றைக்கே, ஆச்சி காப்பி குடித்து முடித்ததும் நோட்டோடு பக்கத்தில் உட்கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா எழுந்ததும் முதலில் என்ன செய்வார்கள் என்று கேள். எந்தெந்த ஊருக்கு நடந்தே போனார்கள், செருப்பு உண்டா, மழை வந்தால் வேதபுத்தகத்தை எதில் சுற்றி வைப்பார்கள் என்று கேள். என்ன பாட்டை முதலில் எடுப்பார்கள் என்று கேட்டால் ஆச்சி பாடியே காட்டுவார்கள், அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேள். ஆச்சி அழுதால் பேச்சை மாற்றாதே, சும்மா கூட இரு. ஒரு நாளில் முடிக்கப் பார்க்காதே.

ஆச்சி சொன்ன சொல்லிலேயே எழுது. பள்ளிக்கூடத் தமிழாக மாற்ற வேண்டாம். எழுதியதில் ஒரு பிரதி எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடலாமா என்று ஆச்சியிடமும் கேட்டுவிடு.