பூனைக்கு நீர்க்கடுப்பா, அடைப்பா? கேள்வி பதில்

பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் சிறுநீர் பற்றியவைதான் அதிகம். அவற்றில் முக்கால்வாசி நிதானமாகப் பேசித் தீர்க்கக்கூடியவை. ஒன்றே ஒன்று மட்டும் பேசிக்கொண்டிருக்கக் கூடாதது. முதலில் வந்த கேள்வியே அதுதான்.

டாக்டர், எங்கள் கடுவன் மிட்டுவுக்கு நான்கு வயது. நேற்று ராத்திரியிலிருந்து மலச்சிக்கல். மண் நிரப்பிய லிட்டர் பாக்ஸில் ஏறி ஏறி முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. மலம் இளக என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள். முதலில் போய் லிட்டர் பாக்ஸைப் பாருங்கள். நேற்று ராத்திரிக்குப் பிறகு ஈரமாகக் கட்டிபிடித்த மண் இருக்கிறதா? இல்லை என்றாலும், பட்டாணி அளவில் ஒன்றிரண்டு துளி ஈரம்தான் தெரிகிறது என்றாலும், இது மலச்சிக்கல் இல்லை. சிறுநீர் அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்காமல், எந்த மருத்துவமனை இப்போது திறந்திருக்கிறதோ அங்கே கிளம்புங்கள். போகிற வழியிலேயே போன் செய்து "ஆண் பூனை, சிறுநீர் வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் தயாராக இருப்பார்கள்.

மற்றவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை நுனிக்குப் போகப் போக மிகவும் குறுகலானது. சளி போன்ற பசையும் மணல் போன்ற படிகங்களும் சேர்ந்து ஒரு சிறு தக்கை ஆனால் போதும், வழி அடைத்துவிடும். வீங்கி இறுகிய பாதையே சில சமயம் அடைத்துக்கொள்ளும். வெளியேற முடியாத சிறுநீரின் அழுத்தம் மேலேறி சிறுநீரகத்தின் வேலையை நிறுத்துகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முழு அடைப்பில் ஒரு நாளுக்குள்ளேயே நிலைமை மோசமாகத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

வயிற்றை அமுக்கி சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் போல இறுகியிருக்கும், அமுக்கினால் கிழிந்துவிடலாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு பூனையை மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாக மலச்சிக்கலுக்கு எண்ணெய் கொடுத்திருந்தார்கள். மேசையில் கிடத்தியபோது உடம்பு சில்லிட்டிருந்தது, துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை, ராத்திரி பகலாக அதைப் பார்த்துக்கொண்டவர்கள். முக்குவது என்றால் மலம்தான் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பூனை வளர்க்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

மலத்துக்கு முக்குகிறதா, சிறுநீருக்கு முக்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்வையை வைத்துச் சொல்வது கஷ்டம். எனக்கே வயிற்றைத் தொட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். சிறுநீருக்கு என்றால் பொதுவாக முதுகு அதிகம் வளையாமல் தாழ உட்காரும், நீண்ட நேரம் அப்படியே இருக்கும், எழுந்து போய் உடனே திரும்பி வரும், பின்பக்கத்தை விடாமல் நக்கும், சில பூனைகள் உட்கார்ந்தபடியே கத்தும். பிறகு வாந்தி, சாப்பிடாமை, கட்டிலுக்கு அடியில் ஒளிதல். வாந்தி வந்துவிட்டால் நேரம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் பார்வையை நம்புவதைவிட ஈர மண்ணை எண்ணுவது நல்லது. நலமாக இருக்கும் பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை சிறுநீர் போகும். மண் அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று தினமும் ஒரு பார்வை பார்த்துவைத்தால், மாறும் அன்றே கண்ணில் படும்.

என் பெட்டைப் பூனைக்கு 3 வயது. மூன்று மாதத்துக்கு முன் அடிக்கடி போய் சொட்டுச் சொட்டாக, லேசான ரத்தத்தோடு போனது. தோழி தன் பூனைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மீதியைக் கொடுத்தார். ஐந்து நாளில் சரியாகிவிட்டது. இப்போது மறுபடி அதே மாதிரி. அதே மருந்தைக் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த மருந்தால்தான் சரியானது என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த வயதில் பூனைக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வருவது அபூர்வம். மனிதர்களுக்கு நீர்க்கடுப்பு என்றால் பெரும்பாலும் கிருமி. இளம் பூனைக்கு நீர்க்கடுப்பு என்றால் பெரும்பாலும் கிருமியே இல்லாத சிறுநீர்ப்பை வீக்கம். இது மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். நீங்கள் எந்த மாத்திரை கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

தணிந்தாலும் திரும்பத் திரும்ப வரும், அதுதான் இதன் குணம். வரும் ஒவ்வொரு முறையும் பூனைக்கு நிஜமான வலி. ஆகவே தானாகப் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பெட்டைக்குப் பாதை அகலம் என்பதால் முழு அடைப்பு வருவது மிகவும் குறைவு, ஓரிரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்து, வலிக்கு மருந்து வாங்குங்கள். ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேராக எடுத்த சிறுநீரில் கிருமி வளர்ந்தால் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

காரணம் கேட்பீர்கள். அமெரிக்காவின் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல வருடம் இதையே ஆராய்ந்தார். இந்தப் பூனைகளுக்குக் கோளாறு சிறுநீர்ப்பையோடு நின்றுவிடவில்லை, மன அழுத்தத்துக்கு உடம்பு பதில் சொல்லும் விதமே மாறியிருக்கிறது என்பது அவர் எடுத்துச்சொன்னது. வீட்டுச் சூழலைப் பூனைக்கு ஏற்றபடி மாற்றியபோது பல பூனைகளுக்குத் தொந்தரவு குறைந்ததையும் அவருடைய குழு பதிவு செய்தது. என் அனுபவமும் அதுதான்.

வேளாவேளைக்குச் சாப்பாடு, மெத்தை, பொம்மை எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு என்ன மன அழுத்தம், டாக்டர்?

நாம் கவலைப்படும் விஷயங்களுக்குப் பூனை கவலைப்படாது. சோபாவை இடம் மாற்றியது, வீட்டுக்கு விருந்தாளி, பக்கத்தில் கட்டட வேலைச் சத்தம், ஜன்னலுக்கு வெளியே தினமும் வந்து முறைக்கும் தெருப்பூனை, இவையெல்லாம் அதற்குப் பெரிய விஷயம்.

இரண்டு பூனை இருக்கும் வீட்டில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். சண்டை என்றால் சீறிக் கட்டிப்புரள வேண்டியதில்லை. ஒன்று கதவருகில் சும்மா படுத்திருக்கும், மற்றது அதைத் தாண்டி லிட்டர் பாக்ஸுக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டிருக்கும். பார்க்கிற நமக்கு இரண்டும் அமைதியாக இருப்பது போலத் தோன்றும். அதனால்தான் பூனைக்கு ஒன்று, அதோடு கூடுதலாக ஒன்று என்று லிட்டர் பாக்ஸ் வைக்கச் சொல்கிறோம். மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான், தனித்தனி இடத்தில் வையுங்கள். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு பெட்டி இருக்கட்டும். வாசனை சேர்க்காத, பொடியான மண்ணைப் பெரும்பாலான பூனைகள் விரும்பும். தினமும் அள்ளுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், ஏறி உட்கார உயரமான இடம், யாரும் தொந்தரவு செய்யாத ஒளிவிடம், தினமும் அதே நேரத்தில் பத்து நிமிடம் விளையாட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், அந்த மாற்றமே அதற்கு ஒரு தொல்லை.

பூனை வலியில் கத்துகிறது, பார்க்க முடியவில்லை. பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. கால் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். உடனே வந்தால் பாராசிட்டமாலுக்கு முறிவு மருந்து உண்டு.

யூரின் ரிப்போர்ட்டில் படிகங்கள் இருப்பதாக வந்திருக்கிறது. கல் வந்துவிட்டதா? தண்ணீரில் வினிகர் கலந்து கொடுத்தால் கரையும் என்கிறார்கள்.

படிகம் வேறு, கல் வேறு. நோயே இல்லாத பூனையின் சிறுநீரிலும் படிகங்கள் இருக்கும். சிறுநீரைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கொண்டுபோனால், ஆறியபின் உள்ளேயே புதிதாகப் படிகங்கள் உருவாகிவிடும். உங்களுடையது எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். புதிய சிறுநீரில் மறுபடி பார்ப்பது நல்லது. கல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும்தான் சொல்லும்.

கல்லில் இரண்டு வகையைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஸ்ட்ரூவைட் கல் அதற்கென்று உள்ள உணவால் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கல் எந்த உணவிலும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். வினிகர் வேண்டாம். ஸ்ட்ரூவைட் அமிலத் தன்மை குறைந்த சிறுநீரில் வளர்கிறது என்பது உண்மை. ஆனால் எந்தக் கல் என்று தெரியாமல் அமிலத்தைக் கூட்டினால், ஆக்சலேட்டுக்கு நீங்களே வழிவிட்டது போலாகும். தவிர, வினிகர் வாசனைக்குப் பூனை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். அது இன்னும் கெடுதல்.

என் பூனை தண்ணீர் பக்கமே போவதில்லை. ட்ரை ஃபுட் மட்டும்தான். பயப்பட வேண்டுமா?

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பிலிருந்த ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. தாகம் எடுத்துக் குடிக்கும் பழக்கம் நம் பூனைக்கும் குறைவுதான். ட்ரை ஃபுட்டில் நீர் பத்து சதவீதம் அளவுக்குத்தான். டின்னில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். கொஞ்சம் கொஞ்சமாக ஈர உணவுக்கு மாற்றுவதுதான் சிறுநீர் நீர்த்துப்போக எனக்குத் தெரிந்த நல்ல வழி. சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். ஓடும் தண்ணீர் பிடிக்கும் பூனைக்குச் சிறிய நீரூற்று வாங்கலாம். புது உணவைத் தொடாமல் ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் பழையதையே கொடுத்துவிட்டு, அப்புறம் மெதுவாக முயலுங்கள். பட்டினி பூனையின் கல்லீரலுக்கு ஆபத்து.

திரைச்சீலையில் நின்றபடியே பீய்ச்சுகிறது. இதுவும் நோயா?

வாலைத் தூக்கி நடுக்கியபடி, நின்றுகொண்டு, செங்குத்தான இடத்தில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாவிட்டால் செய்யுங்கள், பெரும்பாலும் நிற்கும். உட்கார்ந்து தரையிலோ வாஷ்பேசினிலோ மெத்தையிலோ போனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்காதீர்கள். லிட்டர் பாக்ஸில் போனபோது வலித்ததால், வலிக்காத இடம் தேடுகிறது.

சிறு வயதில் கருத்தடை செய்ததால்தான் ஆண் பூனைக்குப் பாதை சிறுத்து அடைக்கிறது என்று சொல்கிறார்களே?

அளந்து பார்த்ததில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கருத்தடைக்குப் பிறகு எடை கூடும், ஓட்டம் குறையும், அந்த எடைதான் ஆபத்தைக் கூட்டுகிறது. சாப்பாட்டு அளவைக் குறையுங்கள்.

என் பூனைக்கு 13 வயது. இதுவரை சொன்னதற்கு நேர்மாறு. லிட்டர் பாக்ஸ் குளமாகிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது.

நல்ல வேளை கவனித்தீர்கள். இது சிறுநீர்ப்பைச் சிக்கல் என்பதைவிட சிறுநீரகக் குறைபாடு, சர்க்கரை நோய், தைராய்டு மிகுதி இவற்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நாளைக்கு வைக்கும் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 50 மில்லியைத் தாண்டினால், அதாவது 4 கிலோ பூனை 200 மில்லிக்கு மேல் குடித்தால், அது அதிகம். அந்த அளவைத் தொடாவிட்டாலும் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றால் ரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். இந்த வயதில் கிருமித் தொற்றும் சகஜம், சத்தமில்லாமல் இருக்கும். தரை நனைகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

டாக்டர், மிட்டு வீட்டுக்காரர். உங்கள் பதிலைப் பார்த்ததும் கிளம்பினோம். அடைப்புதான். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டு மூன்று நாள் வைத்திருந்து இன்று அனுப்பிவிட்டார்கள். இனி எதைப் பார்க்க வேண்டும்?

இதைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் நேரத்தில் போனீர்கள்.

இனி முதல் இரண்டு வாரம் முக்கியம், மறுபடி அடைப்பது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். கதீட்டர் எடுத்த எரிச்சலில் ஓரிரு நாள் அடிக்கடி போவான், லேசான ரத்தமும் இருக்கலாம். அளவு எவ்வளவு வருகிறது என்பதைப் பாருங்கள். சிறிதாவது ஓடைபோல வந்தால் பொறுக்கலாம். முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் மறுபடி அதே ஓட்டம்தான், எந்த நேரமானாலும். மற்ற பூனை இருந்தால் மிட்டுவுக்குத் தனி அறை, தனி லிட்டர் பாக்ஸ் கொடுங்கள், அப்போதுதான் கட்டி யாருடையது என்று குழப்பம் வராது. வலி மருந்தையும் தசை இறுக்கம் தளர்த்தும் மருந்தையும் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். பின்னாளில் திரும்பத் திரும்ப அடைத்தால், குறுகிய நுனியை நீக்கி வழியை அகலப்படுத்தும் ஆபரேஷன் உண்டு. அதை இப்போதே யோசிக்க வேண்டியதில்லை.

இன்று ராத்திரி தூங்கப் போகுமுன் ஒருமுறை மண்ணை அள்ளி வைத்துவிடுங்கள். காலையில் புதிதாக எத்தனை கட்டி என்று எழுதி அனுப்புங்கள். நான் பார்க்கிறேன்.