ராணுவச் செலவு: நான்கு மடங்கா, பாதியா?

ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒரு நாட்டின் ராணுவச் செலவு 20 ஆண்டுகளில் நான்கு மடங்கு ஆகிவிட்டதாக ஒரு வரைபடத்தில் பார்த்தேன். அதே நாடு, அதே 20 ஆண்டு, ஆனால் செலவு பாதியாகக் குறைந்துவிட்டதாக இன்னொரு வரைபடம். நான் ஒரு கட்டுரைக்காக இதைத் தயார் செய்கிறேன். எதை நம்புவது? எல்லாவற்றையும் சரிபார்த்துத் தொகுத்த புள்ளிவிவரம் என்று ஒருவர் விலைக்குத் தருகிறார், வாங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம், பல நாடுகளுக்கு 1949 முதலான ராணுவச் செலவுக் கணக்கை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விலைக்கு வரும் தொகுப்புகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் அதையே எடுத்து வண்ணம் பூசியவை. அதுகூடப் பரவாயில்லை. மூலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் கீழே இருக்கும் அடிக்குறிப்புகளை நீக்கிவிட்டு விற்கிறார்கள். உங்களுக்குத் தேவையான விஷயமே அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. "உலக வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போகிறது" என்று சொல்லி விற்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். உலக வங்கி வெளியிடும் ராணுவச் செலவு எண்களும் சிப்ரியிலிருந்து வருபவைதான். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவதால் வழக்கு வலுவாகிவிடாது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். செலவு 100-லிருந்து 400 ஆனது என்று வையுங்கள். அதே காலத்தில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலைவாசியைக் கழிக்காத அதே நாட்டுப் பணக் கணக்கில், எட்டு மடங்கு ஆகியிருந்தால், அதில் ராணுவத்தின் பங்கு பாதியாகியிருக்கும். இதற்கிடையில் விலைவாசி மூன்று மடங்கு ஏறியிருந்தால், ராணுவம் உண்மையில் வாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். நான்கு மடங்கு, பாதி, மூன்றில் ஒரு பங்கு கூடுதல்: ஒரே செலவுக்கு மூன்று சரியான பதில்கள். "ராணுவம் வளர்ந்திருக்கிறதா?" என்பது உங்கள் கேள்வி என்றால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த, நிலையான விலைக் கணக்கை எடுங்கள். "நாட்டுக்கு எவ்வளவு பாரம்?" என்பது கேள்வி என்றால் உற்பத்தியில் பங்கு. கேள்வியைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டுபவர் ஏதோ ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். செலவைக் கூட்டச் சொல்பவர்கள் பங்கைக் காட்டுவார்கள், குறைக்கச் சொல்பவர்கள் தொகையைக் காட்டுவார்கள். பங்கு என்பது உற்பத்தி சரிந்தாலும் ஏறும். 2020-ல் உலக அளவில் இந்தப் பங்கு 2.2-லிருந்து 2.4 சதவீதமாக உயர்ந்ததற்குப் பெரிய காரணம், பெருந்தொற்றில் பொருளாதாரம் சுருங்கியதுதான்.

டாலருக்கு மாற்றிய எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடாதீர்கள். ஜப்பானைப் பாருங்கள். 2021-ன் செலவு 5,410 கோடி டாலர் என்று வெளியானது, அடுத்த ஆண்டுக் கணக்கு 4,600 கோடி டாலர். பார்ப்பவருக்கு ஜப்பான் ராணுவத்தைச் சுருக்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் விலைவாசியைக் கழித்த பிறகும் 2022-ல் செலவு 5.9 சதவீதம் கூடியிருந்தது. விழுந்தது ஜப்பானின் நாணயமான யென்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பலர் மறந்துவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நாடு ஆயுதங்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகிறது என்றால், மாற்று விகிதத்தை ஒதுக்கிவிட முடியாது. சிப்ரி விலைவாசியைக் கழிப்பது நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து. அந்தக் குறியீடு சாதாரணக் குடும்பம் வாங்கும் பொருட்களின் விலையைச் சொல்லும், போர் விமானத்தின் விலையைச் சொல்லாது. சிப்பாயின் சம்பளம், உணவு, சீருடை எல்லாம் உள்நாட்டுப் பணத்தில் போகும். விமானமும் உதிரி பாகமும் டாலரிலோ யூரோவிலோ. நாணயம் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தால், உள்நாட்டுக் கணக்கில் செலவு அசையாமல் நின்றாலும் வாங்க முடிகிற விமானங்கள் குறைந்துபோகும். அப்படிப்பட்ட நாட்டுக்கு, முடிந்தால் செலவை இரண்டாகப் பிரியுங்கள்: சம்பளம், ஓய்வூதியம், பராமரிப்பு ஒரு பக்கம், ஆயுதக் கொள்முதல் இன்னொரு பக்கம். முதலாவதை உள்நாட்டு விலைவாசியிலும் இரண்டாவதை டாலரிலும் பாருங்கள். பட்ஜெட்டில் இந்தப் பிரிவு இல்லையென்றால், இறக்குமதி நாடு என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், எதை ராணுவச் செலவு என்கிறார்கள் என்ற தொல்லை. அமெரிக்காவில் அணுகுண்டுச் செலவு எரிசக்தித் துறையின் கணக்கில் இருக்கிறது. சிலியில் அரசுத் தாமிர நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதம் பல பத்தாண்டுகளாக ராணுவக் கொள்முதலுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தச் சட்டம் 2019-ல்தான் ரத்தானது. பட்ஜெட் புத்தகத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணில் படாது. 2015-ல் பிரிட்டன், முன்பு சேர்க்காத சில ஓய்வூதியங்களையும், தான் உறுப்பினராக இருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்குத் தரும் கணக்கில் சேர்த்தது. நேட்டோ விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் 2014-ஐயும் 2015-ஐயும் ஒரே கோட்டில் இணைப்பவர் ஏமாந்துபோவார். எல்லாவற்றையும்விட மோசமானது சோவியத் கணக்கு. பல ஆண்டுகளாக 2,000 கோடி ரூபிள் அளவில் சொல்லிவந்தவர்கள், 1989 மே மாதம் தங்கள் தலைவர் கோர்பச்சேவ் வாயால் 7,730 கோடி என்று ஒப்புக்கொண்டார்கள். மக்கள் வரிப்பணத்தின் கணக்கை மக்களிடமே மறைக்கும் பழக்கம் இன்னும் பல தலைநகரங்களில் தொடர்கிறது. எத்தனை ஆண்டு இந்தத் துறையில் இருந்தாலும் எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி உங்கள் வேலை. ஒரே மூலம், ஒரே நாளில் இறக்கிய ஒரே கோப்பு. பழைய ஆண்டு நூலில் பாதியும் புதிய கோப்பில் பாதியுமாக ஒட்டவே ஒட்டாதீர்கள், ஏனென்றால் சிப்ரி பழைய ஆண்டுகளின் எண்களையும் அவ்வப்போது திருத்துகிறது, நிலையான விலைக் கணக்குக்கு எந்த ஆண்டின் விலையை வைப்பது என்ற அடிப்படை ஆண்டையும் மாற்றுகிறது. பட்ஜெட்டிலிருந்து நேரடியாக எடுத்தால், மதிப்பீட்டை விட்டுவிட்டு உண்மைச் செலவை எடுங்கள். நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். அமெரிக்கா 1976-ல் நிதியாண்டின் தொடக்கத்தை ஜூலையிலிருந்து அக்டோபருக்கு மாற்றியபோது, நடுவில் மூன்று மாதம் எந்த ஆண்டிலும் சேராமல் தனியாக நின்றது. அதைத் தெரியாமல் விட்டவர்களும், 1976-ல் சேர்த்துத் திடீர் உயர்வு காட்டியவர்களும் உண்டு. கோட்டின் கடைசி ஓரிரு ஆண்டுகளைப் புள்ளிக்கோடாக வரையுங்கள், உண்மைச் செலவு வந்ததும் அந்த எண்கள் மாறும்.